மனைக்காவலர் குடியேறிய வீடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கருவேலந்துறை பேருந்து நிலையத்துக்கு எதிரே நாற்பத்தோரு வருடம் நின்றுகொண்டிருந்த மனைக்காவலர் அம்பலவாணர், கூண்டுக் கம்பிகளை இடது கையால் விலக்கி, மாலை போடுவதற்காக வைத்திருக்கும் இரும்பு ஏணி வழியாகப் பீடத்திலிருந்து இறங்கி, சிமெண்ட் கால்கள் தார்ச்சாலையில் தடதடக்கக் கடைவீதிப் பக்கம் நடந்து போனார். டவுன் பஸ் ஒன்று வழிவிட்டது. குறுக்கே நின்ற ஆட்டோவை அதன் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். பழக்கடைக்காரம்மா சாத்துக்குடிக் கூடையை அவர் கால்படாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். சிலைக்குக் காவலாகப் போடப்பட்டிருந்த ஏட்டு பிச்சைமுத்து மட்டும் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

"ஐயா, எறங்கிட்டாருங்க."

"யாருய்யா?"

"நம்ம சிலைங்கய்யா."

"எவனாச்சும் கை வெச்சானா?"

"இல்லீங்கய்யா. அவராத்தான் எறங்குனாரு."

"கை வைக்கலைன்னா கேஸ் இல்ல. விடு," என்றதோடு போன் அணைந்தது.

எங்கள் ஊர் எப்பேர்ப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நானும் இந்த ஊர்க்காரன், அன்றைக்கு டீக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு டீ ஆறிப்போகிறதே என்று உள்ளே போனவர்களில் நானும் ஒருவன்.

அந்த இடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கல் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. முதலில் நின்றது, மாடு கவர வந்தவர்களோடு மல்லுக்கட்டிச் செத்த ஒருவனுடைய நடுகல். அவன் ஆவிக்குப் பயந்து கள் ஊற்றிக் கிடா வெட்டினார்கள், பயம் தெளிந்ததும் அவன் பேரை மறந்தார்கள், பேர் மறந்ததும் அவன் நெஞ்சில் அரிவாள் தீட்டினார்கள். அதற்குப் பிறகு ஏரிக்கு மதகு கட்டிய சிற்றரசன் ஒருவன், கைகூப்பிய தன் உருவத்தைத் தானே செதுக்கச் சொல்லி அங்கே நிறுத்தினான். தான் பணிவானவன் என்று காட்டிக்கொள்ள அவனுக்கு அத்தனை பெரிய கல் வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு பஞ்ச காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் சலவைக்கல்லில் கையில் புத்தகத்தோடு வந்து நின்றார், பசியில் சாகிறவர்களுக்குப் படித்துக்காட்டவோ என்னவோ. அவருக்கு எங்கள் ஆட்கள் மழை வேண்டி விளக்கேற்றினார்கள். சுதந்திரம் வந்தபோது விளக்கேற்றிய அதே கைகள் கயிறு கட்டி இழுத்து அவரை நகராட்சிக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டன. பயத்துக்கு ஒரு கல், பெருமைக்கு ஒரு கல், கும்பிட ஒரு கல், உடைக்க ஒரு கல் என்று காலத்துக்கு ஒன்று தேவைப்பட்டது எங்களுக்கு. கல் மாறியது, எதிரே வாயைப் பிளந்து நின்ற கூட்டம் மாறவே இல்லை.

கடைசியாக வந்தவர் அம்பலவாணர். உயிரோடு இருந்த காலத்தில் அவர் செய்தது ஒரே காரியம்தான். குடிசை போட்டவனை எவனும் அடித்து விரட்டக்கூடாது என்று ஊர் ஊராக நடந்தார், தாலுகா ஆபீஸ் வாசலில் படுத்தார், மூன்று தடவை ஜெயிலுக்குப் போனார், கடைசியில் சுற்றுப்பட்டு கிராமங்களில் சில ஆயிரம் குடும்பங்களுக்கு வீட்டு மனைப் பட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் செத்துப்போனார். பட்டா வாங்கியவர்கள் அழுதுகொண்டே நிறுத்திய சிலை அது. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் ஊர் உண்மையாக இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு வருடம் இரண்டு நாள் மாலை, பிறகு யார் முதலில் மாலை போடுவது என்று கைகலப்பு, பிறகு அவர் எங்க ஆளா உங்க ஆளா என்று ஒரு விசாரணை, பிறகு எவனோ செருப்பு மாலை போட்டதாக வதந்தி, அதற்கு இரண்டு பஸ் எரிப்பு, அதற்குப் பிறகு கூண்டு, கூண்டுக்கு மேல் நாலு தூண் வைத்துக் கான்கிரீட் மண்டபம், மண்டபத்துக்கு ஒரு போலீஸ். ஊரே தன் வீட்டைப் பூட்டாமல் போனாலும் சிலையைப் பூட்டாமல் போகாது. கடைசியில் அவர் ஒரு பஸ் ஸ்டாப் ஆனார். "சிலை ஸ்டாப் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்டவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் தங்கப் பெயிண்ட் அடிக்க வந்தவர் மீசையைச் சுரண்டி எடுத்துவிட்டார். அன்றுவரை அதை யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் அன்று கடைவீதியைக் கடந்து, மார்க்கெட்டைக் கடந்து, சாக்கடைப் பாலம் தாண்டி, ஓடைப் புறம்போக்கில் வரிசையாக இருக்கும் சிமெண்ட் ஷீட் வீடுகளில் ஏழாவது வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார். வலது கை மட்டும் நாற்பத்தோரு வருடப் பழக்கத்தில் உயர்ந்தபடியே இருந்தது.

அது பூவாயியின் வீடு. பூவாயிக்கு ஐம்பது வயது, பேருந்து நிலையத்தில் அவித்த வேர்க்கடலை விற்கிறவள். கட்டியவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். ஒரே மகள் கௌசல்யா கட்டிக்கொடுத்த ஊரில் ஏழு மாதம் முடிந்து எட்டாம் மாதத்தில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மாற்றத் துணியாத வழக்கம். அதற்குத் தாய்க்கு ஒரு வீடு வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசித்துச் சொன்னதில்லை. பூவாயி அந்த வீட்டுக்குப் பட்டா கேட்டுப் பதினோரு வருடமாகத் திங்கள்கிழமை தவறாமல் மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓடைப் புறம்போக்கு, நீர்நிலை, பட்டா வழங்க வழியில்லை என்று பதினோரு வருடமாக ஒரே பதில் வந்துகொண்டிருந்தது. போன மாதம் வந்ததில் மட்டும், வீட்டை எப்போது வேண்டுமானாலும் எடுப்போம் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

அடுப்பில் கடலை வெந்துகொண்டிருந்தபோது வாசல் இருண்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க?" என்று கேட்டாள். பதில் வராததால் கிட்டப் போய்ப் பார்த்து, "அட, நீங்களா! உக்காருங்க, உக்காருங்க. நின்னு நின்னு கால் மரத்துப்போயிருக்கும்," என்றாள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. காலில் ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள். தலையில் காய்ந்து கிடந்த காக்கை எச்சத்தை ஈரத்துணியால் சுத்தம் செய்தாள். நாற்பத்தோரு வருடத்தில் ஒரு மனிதர் அவர் முகத்தை அக்கறையோடு பார்த்தது அன்றுதான், பார்த்தவள், "மீசை எங்கங்க?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க அவர் அங்கேயே இருந்தார், அவள் கடலை அவித்தாள், விற்றாள், வந்தாள், படுத்தாள், எழுந்தாள். இடம் பற்றாத வீட்டில் உயர்ந்து நிற்கிற ஒரு கையைச் சும்மா விடுவானேன் என்று ஈரத்துணிகளை அதில் காயப்போட்டாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தொந்தரவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்காவத்தான் வந்திருக்காரு. பதினோரு வருசம் அந்தப் பீடத்தடியிலதான் மனு எழுதுனேன். படிச்சிருப்பாருல்ல?" அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஊர் அந்த ஒரு வாரமும் வேறொரு கேள்வியில் மும்முரமாக இருந்தது. ஒரு சிலை எப்படி நடக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போயும் போயும் அந்த வீட்டுக்கு ஏன் போனார் என்பதுதான் கேள்வி. எங்க தெருவுக்கு வராம ஓடைத் தெருவுக்கு என்ன என்று ஒரு கூட்டம் மறியல் செய்தது. ஓடைத் தெருவுக்குப் போனது சதி என்று ஒரு கட்சி போஸ்டர் ஒட்டியது, போனதே எங்கள் தலைவர் ஆட்சியில்தான் என்று இன்னொரு கட்சி அதன் மேலேயே போஸ்டர் ஒட்டியது. வார்டு கவுன்சிலர் தென்னரசு, எல்லாருக்கும் முந்திக்கொண்டு, சிலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவராகி, எட்டு பேரோடு பூவாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைக்காவலர் கையில் உள்பாவாடை காய்வதைப் பார்த்து எட்டு பேருக்கும் கண் கலங்கியது.

"என்னம்மா இது? யாரு கையில என்ன போட்டிருக்க?"

"ஈரமுங்க. காஞ்சதும் எடுத்துருவேன்."

"இனிமே இங்க அடுப்பு பத்த வைக்கக்கூடாது. புகை பட்டா ஐயா கறுத்துருவாரு."

"கடல அவிக்கணுமுங்களே?"

"வெளியில அவி. அப்புறம், ஐயா பக்கம் கால் நீட்டிப் படுக்காத. வெளியூர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க, பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

வெளியூர் ஆட்கள் உண்மையாகவே வந்தார்கள். கற்பூரம் வந்தது, மொட்டையடிக்கிறவர்கள் வந்தார்கள், குழந்தை இல்லாதவர்கள் அவர் கட்டைவிரலில் மஞ்சள் துணி கட்டினார்கள், குழந்தை பெறப்போகிற மகளுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த பூவாயியைச் செருப்புப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்தாம் நாள் வீட்டைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் தன் வீட்டுக்குள் போக ஆதார் அட்டையைக் காட்டினாள். வேலி வாசலில் நின்ற பையன்களில் ஒருவன் அவளிடம் தினமும் கடலை வாங்கித் தின்றவன். அவன்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரு நல்லதுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருடம் எட்டிப்பார்க்காத தாசில்தார் ஞானசேகரன் சர்வேயர்களோடு மூன்று தடவை வந்து வீட்டை அளந்துவிட்டுப் போயிருந்தார். மனைக்காவலர் உட்கார்ந்த இடம் ஓடையாக இருக்க முடியுமா என்று யாரோ மேலே கேட்டிருக்கிறார்கள். இருக்க முடியாது என்று ஓடையே வகை மாற்றப்பட்டுவிட்டது. வேலை ஒரே வாரத்தில் நடந்தது. பட்டா வரப்போகிறது என்று தெருவே பேசியது. பூவாயி மகளுக்குப் போன் போட்டு, "கெளம்பி வா கண்ணு. வூடு நம்மளுதாகப் போவுது," என்று சொன்னாள்.

பட்டா கொடுக்கிற விழாவுக்கு மந்திரி வந்தார். ஓடைத் தெருவில் பந்தல் போட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, பூவாயியை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, "தன் வீட்டையே தலைவருக்குத் தந்த தாய்" என்று அறிவித்தார்கள். அவள் கும்பிட்டாள். தரவில்லை, வந்தார், இருக்கச் சொன்னேன் என்று திருத்த நினைத்தாள், அதற்குள் மைக் நகர்ந்துவிட்டது. தாசில்தார் பட்டாவை வாசித்தார். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஒன்றரை சென்ட், நான்கு எல்லை, எல்லாம் சரியாக இருந்தது. அனுபோகதாரர் பெயர்: மனைக்காவலர் அம்பலவாணர்.

"ஐயா, எம்பேரு?" என்று பூவாயி கேட்டாள்.

தாசில்தார் குனிந்து, மைக்கில் விழாத குரலில், பொறுமையாகவே சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. "நேரடி ஆய்வுல யாரு அனுபோகத்துல இருக்காங்களோ அவங்க பேர்லதாம்மா போட முடியும். நாங்க வந்த மூணு தடவையும் அவருதான் உள்ள இருந்தாரு. நீங்க வெளியில செருப்புகிட்ட உக்காந்திருந்தீங்க."

"அவரு செலைங்களே?"

"கோயில் சாமி பேர்ல பட்டா இல்லையா? அந்த மாதிரிதான். இன்னொண்ணு, ஏழு நாளைக்குள்ள நீங்க காலி பண்ணிரணும். பட்டா நிலத்துல வேற ஆள் இருந்தா ஆக்கிரமிப்பு ஆயிடும், அப்புறம் உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். எனக்கே சங்கடம்."

கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. மந்திரி வீட்டுக்குள் போய்ப் பட்டாவைச் சிலையின் மடியில் வைக்கப் போனபோது, நாற்பத்தோரு வருடம் உயர்ந்தே இருந்த அந்த வலது கை மெல்லக் கீழே இறங்கி, காகிதத்தை வாங்கி, விரல்களை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அசையவே இல்லை. ஊர் அதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டது. நான் காறித் துப்பினேன். யாரும் பார்க்காத பக்கமாகத்தான் துப்பினேன். ஆயிரம் பேருக்கு வாங்கிக் கொடுத்த மனிதர், தனக்கென்று ஒன்று வந்ததும் கையை மூடிவிட்டார். கல்லாக இருந்தவரை யோக்கியமாகத்தான் இருந்தார். எங்கள் ஊருக்குள் பத்து நாள் குடியிருந்தால் யார்தான் கெட்டுப்போக மாட்டார்கள்?

ஏழாம் நாள் காலையில் பூவாயி கடலைப் பானையையும் ஒரு மூட்டைத் துணியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்குத்தான் கௌசல்யா பஸ்ஸில் வந்து இறங்கினாள், நிறைவயிறும் கட்டைப்பையுமாக. கண்டக்டரிடம் சிலை ஸ்டாப் என்று கேட்டு இறங்கியவள், பீடம் காலியாக இருப்பதையும் பீடத்தடியில் அம்மா மூட்டையோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க? வூட்டுக்குப் போலாம் வா. முதுகு வலிக்குது."

"இதான் கண்ணு வூடு," என்றாள் பூவாயி.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது பிசகில்லை. மேலே கான்கிரீட் கூரை, நாலு பக்கமும் கம்பி, பீடத்தைச் சுற்றி இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்கிற மேடை, மழைநீர் ஏறாத உயரம், விளக்கு, வாசலில் போலீஸ். கருவேலந்துறையில் இத்தனை வசதியோடு ஆளில்லாமல் கிடந்த இடம் அது ஒன்றுதான். ஏட்டு பிச்சைமுத்துவுக்கு இன்னும் காவலை விலக்கி உத்தரவு வரவில்லை, அதனால் காலிப் பீடத்தைக் காத்துக்கொண்டு நாற்காலியில்தான் இருந்தார்.

"அண்ணே, பொண்ணு மாசமா இருக்கா. உள்ள இருந்துக்கட்டுமா?"

ஏட்டு நாற்காலியை வாசலை விட்டு நகர்த்திப் போட்டார். "பீடத்துக்குக் காவல்னுதான்க்கா உத்தரவு. உள்ள யாரு இருக்கணும், யாரு இருக்கக்கூடாதுன்னு அதுல எழுதல. நீ போ," என்றார். இந்தக் கதையில் சட்டத்தை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

பழைய சேலைகளைக் கம்பிகளில் கட்டி மறைப்பு போட்டார்கள். மூன்று வாரம் இருந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊர் அதைக் கவனிக்கவே இல்லை. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். நினைவு நாளன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பீடத்துக்குப் பூப்போட்டுவிட்டுப் போனார்கள், அந்தப் பூவைக் கௌசல்யா எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் ஓடைத் தெருக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. பழக்கடைக்காரம்மாவும் பூக்காரிகள் மூன்று பேரும் சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ள, ஏட்டு முதுகைக் காட்டி நின்று விசில் ஊதிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த, பூவாயி தன் கையாலேயே பேத்தியை வாங்கினாள். குழந்தை அழுதது. அப்போதுதான் எங்கள் ஊருக்குத் தெரிந்தது, பீடத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று.

அதன் பிறகு சும்மா இருப்போமா? நகர்மன்றம் அவசரமாகக் கூடியது. பதினோராம் நாள், குழந்தைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, கவுன்சிலர் தென்னரசுவும் தாசில்தாரும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, அது அடைமழை மாதம்.

"சந்தோஷமான சேதிம்மா," என்றார் தென்னரசு. "தலைவருக்கு வீடு தந்த தாய்க்கு ஊர் நன்றிக்கடன் செய்யப்போகுது. இந்தப் பீடத்துல உனக்குத்தான் சிலை. தீர்மானம் போட்டாச்சு."

"எனக்கா?" என்றாள் பூவாயி.

"உனக்கேதான். அதுக்கு நாளைக்கு நீ இங்கேர்ந்து காலி பண்ணணும்."

பூவாயி சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கேட்டாள்: "எப்ப சார் செல வரும்?"

"டெண்டர் விட்டு, செஞ்சு, கொண்டாந்து நிறுத்த மூணு மாசம் ஆகும்," என்றார் தாசில்தார்.

"அதுவரைக்கும் இதுங்க ரெண்டும் இங்க இருந்துட்டுப் போவட்டுமே. பச்சப் புள்ளைங்க."

"காலிப் பீடத்துல யாரும் குடியிருக்க விதி இல்லம்மா. சிலை இருந்தா அதுக்குக் காப்பாளர்னு ஒரு குடும்பம் மேடையில தங்கிக்கலாம், ரத்த சொந்தமா இருந்தா முன்னுரிமைகூட உண்டு. பீடமும் மேடையும் சிலை பேர்ல பட்டாவே ஆயிடும். ஆனா சிலை வரணும். சிலை இல்லாம நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

பூவாயி அவரையே பார்த்தாள், பிறகு மழையைப் பார்த்தாள், பிறகு தொட்டிலைப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அம்மாடி, புள்ளைக்கு சாரல் படாம பாத்துக்க," என்று மகளிடம் சொன்னாள். ஏணியில் ஏறிப் பீடத்தின் மேல் போய், மனைக்காவலரின் காலடி பதிந்திருந்த பள்ளத்தில் தன் இரண்டு பாதங்களையும் வைத்து, நேராக நின்று, சாலையைப் பார்த்தாள். கண்ணை இமைப்பதை நிறுத்தினாள். முதலில் அவள் காலின் வெடிப்புகள் மூடிக்கொண்டன, பிறகு சேலையின் மடிப்புகள் காற்றுக்கு ஆடாமல் நின்றன, பிறகு மழைத்துளி அவள் கன்னத்தில் பட்டு உள்ளே போகாமல் வழிந்தது.

தாசில்தார் மேலே பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். "சரி. இருக்கு," என்றார்.

ஊருக்கு ஒரே நிம்மதி. டெண்டர் மிச்சம் என்று நகர்மன்றத்தில் மேசையைத் தட்டினார்கள். இத்தனை தத்ரூபமான சிலை மாவட்டத்திலேயே கிடையாது என்று பத்திரிகையில் வந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். அவளிடம் பதினோரு வருடம் கடலை வாங்கித் தின்றவர்கள் குடும்பத்தோடு வந்து, தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் போயிருந்தேன். முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பட்டா வந்தது. பரப்பு இரண்டு சென்ட், அனுபோகதாரர் பெயர் பூவாயி, காப்பாளர் கௌசல்யா. பதினோரு வருடம் திங்கள்கிழமைதோறும் கேட்ட காகிதம், முத்திரையோடு, அவள் பேரிலேயே வந்துவிட்டது. மந்திரி வேறு வேலையாக இருந்ததால் ஏட்டு பிச்சைமுத்துவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கௌசல்யா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஒரு கையில் குழந்தையையும் ஒரு கையில் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு பீடத்தடிக்கு ஓடினாள்.

"அம்மா, வந்துருச்சும்மா! உன் பேர்லயே போட்டிருக்காங்க. எறங்கும்மா."

பீடத்தின் மேல் அசைவு இல்லை.

"அம்மா, போதும்மா. பட்டா குடுத்துட்டாங்க, இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. எறங்கு. பாப்பாவ ஒருவாட்டி வாங்கு. எம்மா... எம்மா!"

ஏணியில் ஏறிக் காலைப் பிடித்து உலுக்கினாள். குழந்தை வீரிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். சிலைப் பாதுகாப்புக் குழுக்காரர் ஒருவர் டீக்கடையிலிருந்து வேகமாக வந்து, கம்பிக்கு வெளியே நின்றபடி கண்டிப்போடு சொன்னார்:

"ஏம்மா, நீதான காப்பாளர்? சிலைய அப்படியெல்லாம் தொடக்கூடாது. எறங்கி வா."